வடுப்பட்ட தண்டி

கித்தாரின் கழுத்தில் விழுந்த ஒரு சிறு பள்ளத்தைச் செப்பனிடுவது பற்றித் தமிழ் எழுத்தாளர் சங்கத்தின் கட்டுரைத் தொகுப்பில் எழுதுவதா என்று முகஞ்சுளிக்கும் அன்பர்கள் நம்மிடையே இருப்பர். அவர்களை எண்ணியே இதனை எழுதப் புகுந்தேன். ‘சங்க இலக்கியத்தில் யாழ்’ என்று தலைப்பிட்டிருந்தால் எவரும் முகஞ்சுளித்திருக்கமாட்டார். யாழைப் பற்றி எத்துணைப் பக்கங்களும் எழுதலாம்; அதனைக் கையால் தொட்டுப் பழுது பார்க்க வேண்டிய நிலை நமக்கு வரப்போவதில்லை. கையில் இருக்கும் கருவியைப் பற்றிப் பேசத் தொடங்கினால்தான் தொல்லை வருகின்றது.

பினாங்கில் ஆயர் ஈத்தாம் பக்கத்து அடுக்குமாடி வீடொன்றில் வாழும் மாணவன் ஒருவன், படிவம் மூன்றில் பயில்பவன், தன் கித்தாரை என்னிடம் கொண்டுவந்தான். அவன் தமையன் வேலைக்குச் சேர்ந்து வாங்கிய முதற் சம்பளத்தில் 350 வெள்ளி கொடுத்து வாங்கித் தந்த கருவி அது. பொங்கல் விழாவுக்கு ஒத்திகை பார்த்த நாளில் நாற்காலியிலிருந்து சரிந்து, இரும்பு மேசையின் விளிம்பில் அதன் கழுத்து மோதிவிட்டது. கழுத்தின் பின்புறத்தில், பெருவிரல் ஓடுமிடத்தில், பச்சைப்பயறு அளவு ஒரு பள்ளம். சுரம் மாற்றக் கை மேலேறும்போதெல்லாம் விரல் அதில் இடறும். அவன் அதனை ஒரு கடைக்குக் கொண்டு போனான். கழுத்தை மாற்றினால் கருவியின் விலைக்கு மேல் ஆகும், புதிது வாங்கிக்கொள் என்றார்கள். தமிழாசிரியர் ஒருவரிடம் சொன்னான். அதுவும் நன்மைக்கே, தேர்வு வருகின்றது, படிப்பைக் கவனி என்றார் அவர். பையன் அதன்பின் ஒத்திகைக்கு வரவில்லை.

கடைக்காரர் சொன்னதும் ஆசிரியர் சொன்னதும் வெவ்வேறு போலத் தோன்றும். எனக்கோ இரண்டும் ஒன்றே. ஒருவர் பொருளை எறி என்றார். மற்றவர் ஆர்வத்தை எறி என்றார். பழுதுற்ற ஒன்றை எடுத்துப் பார்த்து, எது பழுது, எவ்வளவு பழுது, அது தீருமா என்று கேட்கும் பழக்கம் இருவரிடமும் இல்லை. கடைக்காரருக்கு விற்பனை உண்டு. அவரை நான் மிகுதியாகக் குறை கூறேன். ஆசிரியருக்கு என்ன வந்தது?

அந்த ஆசிரியர் சீவக சிந்தாமணியைப் பாடஞ் சொல்லக் கூடியவர். அக்காப்பியத்தில் காந்தருவதத்தையார் இலம்பகத்தில் யாழ்ப்போட்டி நடக்கின்றது. சீவகன் முன் ஒன்றன்பின் ஒன்றாக யாழ்கள் கொண்டுவரப்படுகின்றன. அவன் அவற்றை மீட்டிப் பார்த்து மயங்கவில்லை; மரத்தைப் பார்க்கின்றான். இது நீரில் நின்று இளகிய மரம், இது வாளால் வெட்டுண்ட மரம், இது இடி தாக்கிய மரம் என்று குற்றங்களைக் கண்டு ஒதுக்குகின்றான். நரம்பினுள் முறுக்குண்டு கிடந்த மயிரையும் அவையோர் காண எடுத்துக் காட்டுகின்றான். உ. வே. சாமிநாதையர் 1887இல் அந்நூலைப் பதிப்பித்தது முதல் இன்றுவரை இப்பகுதியைத் திருத்தக்கதேவரின் இசைப்புலமைக்குச் சான்றாகக் காட்டிவருகின்றோம். நான் கேட்பது இதுதான்: அப்பகுதியை நடத்திய வகுப்பில், ஒரு மரக்கருவியை மேசைமேல் வைத்து, இதில் குற்றம் எங்கே உள்ளது, கண்டுபிடி என்று மாணவனிடம் கேட்ட ஆசிரியர் எத்தனை பேர்?

‘வாட்புண்ணுற்ற யாழைச் சீவகனே ஒதுக்கிவிட்டானே, வடுப்பட்ட கித்தாரை ஒதுக்குவதில் என்ன தவறு?’ என்று ஒருவர் மடக்கலாம். நல்ல கேள்வி, விடையும் உண்டு. சீவகன் ஒதுக்கியது மரத்தில் இருந்த குற்றத்தை. மரம் நின்றபோதே வாங்கிய காயம், கருவி செய்தபின் அதன் ஒலியோடு கலந்துவிடும். அதனைத் தீர்க்க வழியில்லை. நாம் பேசுவது செய்து முடித்த கருவியின் மேல்தோலில் பட்ட அடி. அதுவும் ஒலி பிறக்கும் உடற்பகுதியில் அன்று. கை பற்றும் கழுத்தின் பின்புறத்தில். இவ்வேறுபாட்டைப் பகுத்துணர்வதற்குத்தான் சீவகனைப் படிக்கின்றோம்.

சொற்களைப் பற்றியும் ஒரு வழக்கு எனக்கு உண்டு. கித்தாரின் உறுப்புகளுக்குத் தமிழில் பெயரில்லை, ஆகவே அதனைத் தமிழில் கற்பிக்க இயலாது என்று சொல்பவர்களைக் கண்டிருக்கின்றேன். தஞ்சாவூரில் பலாமரத்தைக் குடைந்து வீணை செய்யும் ஆசாரியின் பட்டறையில் நின்று கேட்டால் இவர்கள் வாய் அடைந்துவிடும். நீண்ட கழுத்து தண்டி. தந்தியை முறுக்கும் முளை பிருடை. தந்திகளைத் தாங்கி நிற்பது குதிரை. விரல் அழுத்துமிடத்தில் குறுக்கே நிற்கும் உலோகக் கட்டை மெட்டு. வீணைக்கு 24 மெட்டுகள். இவையனைத்தும் கித்தாரிலும் உள்ளன, அதே வேலையைத்தான் செய்கின்றன. உழைப்பவன் நாவில் உயிரோடிருக்கும் சொல்லை விட்டுவிட்டு, ஏட்டில் புதுச்சொல் புனையப் போகின்றோம். புனைந்த சொல்லை எவரும் வழங்காதபோது தமிழ் வளரவில்லை என்று வருந்துகின்றோம். இக்கட்டுரையில் இனி நான் தண்டி என்றும் மெட்டு என்றுமே எழுதுவேன்.

இன்னொன்றும் வீணையிடம் கற்க வேண்டியது. அதன் மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டவை. வெயிலிலும் பயன்பாட்டிலும் மெழுகு இளகி மெட்டு நகரும், சுருதி பிசகும். அப்போது மெழுகை நீக்கிப் புதிதாக மேளம் கட்டுவார்கள். வீணை வாசிப்போர் இதனைக் கேடாகக் கருதுவதில்லை. கருவி என்றால் அவ்வப்போது கை வைக்கத்தான் வேண்டும் என்பது அவர்கள் அறிந்தது. 1833இல் எழுந்த நம் குயின் தெரு மகாமாரியம்மன் கோயிலில் சுதைச் சிற்பத்தின் விரல் உதிர்ந்தால் கோபுரத்தை இடித்துவிடு என்று எவரேனும் சொல்வாரா? சீரணோத்தாரணம் என்று அதற்கு ஒரு முறையே வகுத்து வைத்திருக்கின்றோம். (அதே 1833ஆம் ஆண்டில்தான் மார்ட்டின் என்னும் செருமானியக் கைவினைஞர் நியூயார்க்கில் குடியேறிக் கித்தார்ப் பட்டறை வைத்தார் என்பது ஒரு சுவையான ஒற்றுமை, அந்நிறுவனம் இன்றும் இயங்குகின்றது.)

இனிப் பழுதுக்கு வருகின்றேன். இங்கே சற்று விரிவாகவே எழுதப் போகின்றேன். பொறுமையில்லாத அன்பர்கள் இப்பகுதியைத் தாண்டிச் செல்லலாம். ஆனால் தாண்டிச் செல்பவர்கள் யாரென்று எனக்குத் தெரியும்.

முதலில் தந்திகளைத் தளர்த்த வேண்டும். எஃகுத் தந்திகள் ஆறும் சுருதி சேர்ந்த நிலையில் தண்டியின்மேல் ஏறக்குறைய 70 கிலோ எடைக்குச் சமமான இழுப்பைச் செலுத்துகின்றன. அவ்விழுப்பின்கீழ் இருக்கும் மரத்தில் கை வைப்பது தவறு. பின்னர், அடிபட்ட இடத்தில் நகத்தை மெல்ல ஓட்டிப் பார்க்க வேண்டும். வெறும் பள்ளமா, மேற்பூச்சு உடைந்துள்ளதா, அல்லது விரிசலா? தலைப்பகுதியை மிக இலேசாக அழுத்தும்போது கோடு வாய் திறந்தால் அது விரிசல். விரிசல் சிறு பழுதன்று. அதிலும் தண்டியும் தலையும் சேருமிடத்து விரிசல், தேர்ந்த கையிடம் போக வேண்டியது. ஆர்வத்தால் அதில் கண்ட பசையை ஊற்றியவர்கள், பின்னால் வரும் நல்ல கைவினைஞனின் வேலையையும் கெடுத்தவராவர். பழைய ஆசாரிகள் வச்சிரத்தால் ஒட்டியதற்குக் காரணம் உண்டு: சூடும் நீரும் காட்டினால் அந்த ஒட்டு மீண்டும் விடுபடும், நாளை வருபவன் திருத்தலாம்.

பள்ளம் மட்டுமேயானால் அடுத்த கேள்வி, மரநார் நசுங்கியதா, அறுந்ததா என்பது. மழுங்கிய விளிம்பில் மோதிய பள்ளத்தில் நார் அறுவதில்லை, அமுங்கிக் கிடக்கும். அமுங்கிய நார் நீராவி பட்டால் மீண்டும் ஊதி எழும். மேற்பூச்சு உடைந்து மரம் தெரியுமானால், பள்ளத்தில் ஒரு துளி நீரை விட்டுச் சிறிது நேரம் ஊறவிட வேண்டும். அதன்மேல் ஈரப் பருத்தித் துணியின் ஒரு மூலையை வைத்து, துணி தேய்க்கும் பெட்டியின் கூர்முனையை இரண்டு மூன்று நொடிக்கு மேற்படாமல் தொட்டு எடுக்க வேண்டும். ஆவி சீறும். மீண்டும் துளி, மீண்டும் சூடு. நான்கைந்து முறையில் பள்ளம் பாதியேனும் எழும். நெடுநேரம் அழுத்தினால் சுற்றியுள்ள பூச்சு வெளுத்துக் கொப்புளித்துவிடும். சிறு வடு பெருவடுவாகும். மேற்பூச்சு உடையாமல் வளைந்து மட்டும் இருந்தால் நீர் உட்புகாது. இன்றைய மலிவு விலைக் கருவிகளில் பூசப்படுவது கெட்டியான பாலியூரித்தேன். அதற்கு நீராவி வைத்தியம் பயன்படாது, நேரே நிரப்ப வேண்டியதுதான். பழைய நைட்ரோசெல்லுலோசுப் பூச்சுக் கருவியானால் சூடே காட்ட வேண்டா.

ஆவி காட்டிய மரம் உலர வேண்டும். மற்ற நாட்டார் ஒரு நாள் என்று எழுதுவர். பினாங்கில் இரண்டு நாள் என்று கொள்க.

எஞ்சிய பள்ளத்தை நிரப்புவதற்குக் கடையில் ‘சூப்பர் குளூ’ என்று விற்கும் சயனோஅக்ரிலேட்டுப் பசை போதும். குண்டூசி முனையால் எடுத்து ஒரு சொட்டு வைத்து, நன்றாக இறுகவிட்டு, அதன்மேல் அடுத்த சொட்டு. ஒரேயடியாக ஊற்றினால் அடியில் ஈரமாகவே நின்று பின்னர் வற்றி மீண்டும் பள்ளமாகும். சுற்றியுள்ள பரப்புக்கு மேல் மயிரிழை உயரம் வரும்வரை நிரப்பிய பின்னர், சவர அலகு ஒன்றின் இரு ஓரங்களிலும் ஒட்டுநாடாவைச் சுற்றி, நடுவில் மட்டும் கூர் தெரியுமாறு செய்து, மேட்டைச் சுரண்ட வேண்டும். நாடாவின் தடிப்பு அலகைத் தூக்கி நிறுத்துவதால், நல்ல பூச்சின்மேல் கீறல் விழாது. பிறகு நீர் தொட்ட உப்புத்தாள்: 800, 1200, 2000 என்னும் எண் வரிசையில், வரவர நைசாக. முடிவில் மெருகுக் களிம்பும் மெல்லிய துணியும். அப்பசையின் ஆவி கண்ணைக் கரிக்கும். விரலோடு விரல் ஒட்டிக்கொள்ளும். ஆகவே சன்னலைத் திறந்து வைத்து, மாணவனைத் தனியே விடாமல், ஆசிரியர் உடனிருக்க வேண்டும்.

இதில் அறிவியல் இல்லையா? மரநார், ஈரம், வெப்பம், ஒட்டுந்தன்மை, உராய்வு எல்லாம் உள்ளன. இதனைத் தமிழில் சொல்ல நான் எங்கேனும் திணறினேனா என்பதைப் படிப்பவர்களே சொல்லட்டும்.

பினாங்கின் காற்றைப் பற்றி ஒரு சொல். கித்தார் செய்பவர்கள் அக்கருவிக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு என்பர். நம் தீவிலோ ஆண்டின் பெரும்பகுதி அது 80 விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். மரம் நீரைக் குடித்து உப்புகின்றது. அதே கருவியை இரவெல்லாம் குளிர்சாதனம் ஓடும் அறையில் வைத்தால் மரம் வற்றிச் சுருங்குகின்றது; சுருங்காத உலோக மெட்டுகளின் முனைகள் தண்டியின் ஓரத்தில் முள்போல நீட்டிக்கொண்டு கையைக் கீறுகின்றன. அப்போதும் கடையில் ‘கருவி கெட்டது’ என்பார்கள். கெட்டது கருவியன்று, சிறிய அரம் ஒன்றால் அம்முனைகளைத் தேய்த்துவிட்டால் தீர்ந்தது. தண்டி வளைவதும் இப்படித்தான். கூடாவொழுக்கத்தைக் கடியும் அதிகாரத்தில் வள்ளுவர், நேரான அம்பு கொடியதாகவும் வளைந்த யாழ்க்கோடு இனியதாகவும் இருப்பதை எடுத்துக்காட்டினார். யாழுக்கு வளைவு இயல்பு. கித்தாருக்கு வளைவு மிகுந்தால் நோய். முற்றும் நேராயிருந்தாலும் தந்தி மெட்டில் உரசி இரையும். முதல் மெட்டிலும் பதினான்காம் மெட்டிலும் தந்தியை அழுத்திப் பிடித்தால், ஏழாம் மெட்டுக்கு மேல் கால் மில்லிமீட்டர் அளவு இடைவெளி தெரிய வேண்டும். கூடினாலும் குறைந்தாலும், இன்றைய கருவிகள் பெரும்பாலானவற்றில் தண்டியினுள்ளே ஓடும் எஃகுக் கம்பியைக் கால் திருகளவு திருப்பிப் பார்க்கலாம். அதற்குமேல் ஒரே நாளில் திருப்பக்கூடாது.

‘அயல் கருவிக்கு இத்துணைப் பரிவா?’ என்னும் வாதம் எஞ்சி நிற்கின்றது. வயலின் எந்த ஊர்க் கருவி? முத்துசாமி தீட்சிதரின் தம்பி பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் அதனைக் கற்றார். தஞ்சை நால்வருள் ஒருவரான வடிவேலு அதில் தேர்ந்து, 1834இல் சுவாதித் திருநாளிடமிருந்து தந்தத்தாலான வயலினைப் பரிசாகப் பெற்றார். இன்று வயலின் இல்லாத தமிழ்க் கச்சேரி மேடை எங்கே உள்ளது? இளையராஜா 1976இல் ‘அன்னக்கிளி’ வழியாக இசையமைப்பாளராக வெளிப்படுவதற்கு முன்னர்ப் பிறருடைய குழுக்களில் கித்தார் வாசித்தவர். அவர் பாடல்களைத் தமிழர் வீட்டுப் பாடல்கள் அல்ல என்பார் உண்டோ? நம் பினாங்கையே எடுத்துக்கொண்டால், 1929இல் இவ்வூரில் பிறந்த பி. ரம்லி நரம்பிசைக் கருவிகளோடு வளர்ந்தவர். போரியாக் குழுக்களின் தெருப்பாட்டிலும் இக்கருவிகளின் ஒலி கேட்டதுண்டு. 1816இல் பினாங்கு இலவசப் பள்ளியில் தமிழ் வகுப்புத் தொடங்கியபோது, தமிழே இம்மண்ணின் பள்ளிக்கூடத்துக்குப் புதுவரவு. புதியது என்பதற்காக அன்று அதனைத் தள்ளியிருந்தால் நாம் இன்று ஆசிரியராகவும் இருந்திருக்கமாட்டோம்.

கைத்தொழிலைக் கல்விக்குப் புறம்பாகக் கருதுவதுதான் உண்மையான நோய் என்பது என் துணிபு. யாழ் பற்றி நம்மவர் எழுதிய பெருநூல் விபுலானந்த அடிகளின் ‘யாழ் நூல்’, 1947இல் வெளிவந்தது. அடிகள் விஞ்ஞானம் பயின்றவர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். பொருநராற்றுப்படை, யாழின் தண்டைப் படமெடுத்த பாம்புக்கு ஒப்பிடுவதைப் பலரும் உவமை நயத்துக்காகப் பாராட்டிவிட்டு அமர்ந்தனர். அவரோ சங்க நூல்கள் கூறும் உறுப்புகளையும் சுரங்களின் அளவுகளையும் கணக்கிட்டு, அக்கருவி எவ்வாறு இருந்திருக்கும் என்று மீட்டெடுக்க முயன்றார். நாம் அந்நூலின் பெயரைத் தேர்வுக்காக மனனம் செய்கின்றோம்.

மலிவுப் பொருள்தானே, போனால் போகட்டும் என்பவர்களுக்கும் ஒன்று சொல்வேன். 350 வெள்ளி எல்லார்க்கும் மலிவன்று. அது ஒருபுறம் இருக்கட்டும். மெட்டுகள் பதிந்த விரற்பலகைக்கு ஈட்டிமரத்தைப் பல நிறுவனங்கள் பயன்படுத்துகின்றன. அவ்வினத்து மரங்கள் அழிவதைக் கண்டு, 2017 சனவரியில் அவை அனைத்தும் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்க்கப்பட்டன. செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு அளித்தார்கள். மரத்துக்குக் கட்டுப்பாடு நீங்கவில்லை. பயறளவு பள்ளத்துக்காகக் குப்பைக்குப் போகும் தண்டியோடு அத்தகைய மரமும் போகின்றது.

எல்லாப் பழுதையும் நாமே தீர்த்துவிடலாம் என்று நான் சொல்லவில்லை. சிலர் ஒரு பள்ளத்தைக் கண்டுவிட்டுத் தண்டி முழுவதையும் உப்புத்தாளால் தேய்த்து மரத்தை உரித்துவிடுகின்றனர். இது பழுதைவிடக் கேடு. பழைமை வாய்ந்த உயர்ந்த கருவியின் பூச்சில் கை வைக்கவே கூடாது. அதன் வடுவும் அதன் வரலாற்றில் சேர்ந்தது. பல வேளைகளில் வியர்வைப் பிசுக்கை ஈரத்துணியால் துடைத்து உலர்த்தினாலே ‘கெட்ட’ தண்டி நன்றாகிவிடும். எதைச் செய்யாமல் விடுவது என்று அறிவதும் இத்தொழிலின் பகுதியே.

தமிழாசிரியர்களிடம் நான் வேண்டுவது பெரிதன்று. பள்ளியின் இசைக்குழு அறையில் ஒரு பெட்டி இருக்கட்டும்: சிறிய அரம் ஒன்று, மூவகை உப்புத்தாள், பசைக்குழாய், சவர அலகு, ஒட்டுநாடா, மெருகுக் களிம்பு, பருத்தித் துணி. எனக்கு அனைத்தும் சேர்ந்து 30 வெள்ளிக்குள் முடிந்தன. சிந்தாமணி நடத்தும் கிழமையில் அப்பெட்டியை வகுப்புக்குக் கொண்டுபோகலாம்.

அந்த மாணவனின் கித்தாரில் நான்கு முறை ஆவி காட்டினோம். மூன்று நாளில் ஆறு சொட்டுப் பசை வைத்தோம். சுரண்டியதும் தேய்த்ததும் அவனே. வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கருத்த புள்ளி ஒன்று இப்போதும் தெரிகின்றது. அதனை நான் மறைக்க முயலவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பெருவிரலைத் தண்டியின்மேல் ஏற்றியும் இறக்கியும் தேடிப் பார்த்தான். ‘எங்கே இருந்தது, ஐயா?’ என்று கேட்டான்.